பாலாற்றங்கரை வயலில் குரோமியம்: பயிரைத் தாங்க வைப்பது எப்படி?

கிணற்றடி வயல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே, பாலாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் கரும்பும் நெல்லும் விளைந்த மண் அது. மேற்புறத்தில் இருந்த ஒரு தோல் பதனிடும் ஆலையின் கழிவுநீர் பல ஆண்டுகள் வாய்க்கால் வழியாக வந்து தேங்கியதால், அப்பா காலத்திலேயே கரும்பு நின்றுபோயிற்று. இப்போது கழிவுநீர் வருவதில்லை. மண் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

நெல் நட்டால் வாய்க்காலை ஒட்டிய வயலில் தூர் கட்டுவது குறைவாக இருக்கிறது. இலை நுனி கருகுகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாகவும் பழுப்பாகவும் இருக்கிறது. தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் மண்ணைக் கொடுத்தேன். "மொத்தக் குரோமியம் மிக அதிகம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். உரக்கடைக்காரர், பயிருக்குக் கன உலோகத்தைத் தாங்கும் சக்தியைக் கொடுக்கும் என்று சொல்லி ஒரு திரவத்தை விற்றார். இரண்டு போகம் தெளித்தேன். முதல் போகத்தில் பயிர் கொஞ்சம் பச்சை கட்டியது உண்மைதான். ஆனால் அந்த நெல்லைத்தான் என் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். பயிர் தாங்கிக்கொண்டது என்றால் அந்த உலோகம் எங்கே போயிற்று என்ற கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

தம்பி, நீங்கள் கடைசியில் கேட்ட கேள்விதான் முதலில் கேட்க வேண்டியது. அதற்கு முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். உங்கள் பயிரைக் கெடுப்பது குரோமியமா, உப்பா?

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதற்கு உப்பிடுவார்கள்; ஆலையில் நடக்கும் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவி எடுப்பது. ஆகவே தோல் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த நிலத்தில் குரோமியம் சேர்வதைப் போலவே சோடியமும் குளோரைடும் சேர்கின்றன. பாலாற்றுப் பகுதியில் பணியாற்றிய காலத்தில் நான் பார்த்த வயல்களில் பெரும்பாலானவை உப்பால்தான் முதலில் வீழ்ந்தன. இலை நுனி கருகுவது உப்பின் அடையாளம். வேர் குட்டையாகிப் பழுப்பதற்குக் குரோமியம் காரணமாக இருக்கலாம். சோடியம் மிகுந்து இறுகிய களர் மண்ணில் காற்றோட்டம் இல்லாமல் போவதாலும் அப்படி நேரும். வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பிலேயே, தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கெடுப்பு ஒன்று எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. அந்த நிலம் முழுவதையும் குரோமியத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இரண்டாவதாக, "மொத்தக் குரோமியம்" என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. தோல் பதனிடப் பயன்படுவது அதன் ஒரு வடிவமான மூன்றிணைதிறக் குரோமியம் (Cr III). அது அமிலத்தன்மை மிகாத மண்ணில் கரையாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேர் அதை எளிதில் எடுக்காது. மற்றொரு வடிவமான ஆறிணைதிறக் குரோமியம் (Cr VI) அப்படிப்பட்டதன்று. தண்ணீரில் கரைந்து ஓடும், வேருக்குள் நுழையும், நஞ்சும் மிகுதி. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலையின் கழிவுக் குவியலிலிருந்து மஞ்சளாகக் கசிந்த நீரைப் பார்த்தவர்களுக்கு அதன் தன்மை தெரியும். உங்கள் மண்ணில் எது எவ்வளவு இருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டு ஆய்வு செய்யுங்கள்.

தாவர உடலியல் மாணவி

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். "உலோகம் எங்கே போயிற்று" என்ற கேள்விக்கு நான் படித்துக்கொண்டிருக்கும் துறையிலிருந்து விடை சொல்ல முயல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கன உலோகத்தைத் தாங்கும் செடிகளை ஆலன் பேக்கர் என்ற தாவரவியலாளர் 1981-இல் வகைப்படுத்தினார். சில செடிகள் உலோகத்தைத் தண்டுக்கு ஏறவிடாமல் வேரோடு நிறுத்திவிடுகின்றன, இவை விலக்கிகள். வேறு சில அதைத் தாராளமாக உறிஞ்சி இலையில் குவித்துவைத்துக்கொண்டு, குவித்த இடத்திலேயே அதை முடக்கிவிடுகின்றன, இவை சேர்ப்பிகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிப் பசுமையாக நிற்கும். நமக்கு உணவு தரும் பயிரில் முதல் வகைத் தாங்குதல் வரம். இரண்டாம் வகைத் தாங்குதல் ஆபத்து. நஞ்சால் வாடிப்போகும் பயிராவது தன் நிலையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வாடாமல் நிற்கும் சேர்ப்பி எதையும் காட்டுவதில்லை. ஆகவே "தாங்கும் சக்தி" என்று எழுதிய புட்டியை வாங்கும்போது, எந்த வழியில் தாங்க வைக்கிறது என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

செடியின் உள்ளே நடப்பது இதுதான். மண்கரைசலில் உள்ள உலோக அயனி முதலில் வேர்ச்செல்லின் சுவரில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளில் ஒட்டிக்கொள்கிறது. அதைக் கடந்து உள்ளே வந்தால், செல்லில் ஏற்கெனவே இருக்கும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறிலிருந்து ஃபைட்டோகெலட்டின் என்னும் சிறிய பெப்டைடுகளை (குட்டிப் புரதச் சங்கிலிகளை) செடி தொடுக்கிறது. அவற்றின் கந்தக முனைகள் காட்மியம் போன்ற அயனிகளைக் கவ்விப் பிடிக்கின்றன. இதை 1985-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கிரில், வின்னாக்கர், சென்க் ஆகியோர் கண்டறிந்தார்கள். அவர்கள் பயன்படுத்தியவற்றுள் நம் நாட்டு மருந்துச் செடியான சர்ப்பகந்தாவின் செல்களும் உண்டு. அப்படிக் கவ்விய உலோகம் வேர்ச்செல்லின் உள்ளே இருக்கும் சேமிப்புப் பையான வாக்குவோலுக்குள் தள்ளப்பட்டுப் பூட்டப்படுகிறது. பூட்டும் வேலையைச் செய்யும் கடத்திப் புரதம் நெல்லில் எச்.எம்.ஏ-3 எனப்படுகிறது. அஞ்சனா தான் என்ற இந்திய நெல் இரகத்தில் இந்தப் புரதம் வேலை செய்வதில்லை. அதனால் அதன் வேரில் தங்க வேண்டிய காட்மியம் தண்டுக்கு ஏறிவிடுகிறது என்று 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரே மண், ஒரே தண்ணீர். இரகம் மாறினால் மணியில் சேரும் அளவும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் படித்ததில்லை.

குரோமியத்தின் கதை வேறு. ஆறிணைதிறக் குரோமியம் குரோமேட்டாக, சல்ஃபேட்டின் சாயலில், சல்ஃபேட்டுக்கான வாசல் வழியாகவே நுழைகிறது. உள்ளே போனதும் எலக்ட்ரான்களை ஏற்று மூன்றிணைதிறமாக மாறுகிறது; வேதியியலில் இதை ஒடுக்கம் என்பார்கள். அந்த ஒடுக்கத்தின்போது பிறக்கும் தனி உறுப்புகள் (free radicals) என்ற தீவிர வினைத்துகள்கள் செல்லின் சவ்வைச் சேதப்படுத்துகின்றன. வேர் குட்டையாவது இதனால்தான். நல்ல வேளையாக, ஒடுங்கிய குரோமியத்தில் மிகப் பெரும் பங்கு வேரிலேயே தங்கிவிடுகிறது. வைக்கோலுக்குக் கொஞ்சம் போகும், நெல்மணிக்கு அதைவிடக் குறைவாகவே போகும்.

செண்டுமல்லி

இவ்வளவு யோசிப்பானேன் அண்ணா? உண்ணும் பயிரை விட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்தில் பூ நடுகிறோம். மாலையில் கட்டுவதை யாரும் சாப்பிடுவதில்லை.

கிணற்றடி வயல்

பூ நடலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் வீட்டுக்கு நெல்லும் மாட்டுக்கு வைக்கோலும் வேண்டியிருக்கிறது. முழு நிலத்தையும் பூவுக்கு விட எனக்கு ஆள் வசதி இல்லை.

ஐயா சொன்னபடி மறுபடியும் ஆய்வு செய்தேன். கிணற்றுத் தண்ணீரில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமனைத் தாண்டுகிறது. மேட்டு வயல் இரண்டிலும் ஆறிணைதிறக் குரோமியம் கண்டறியும் அளவுக்கு இல்லை. வாய்க்காலை ஒட்டிய வயலில் மட்டும் இருக்கிறது. அந்த வயலின் மண்ணில் காரத்தன்மையும் அதிகம். பக்கத்து நிலத்துக்காரர், உலோகம் உள்ள மண்ணுக்குச் சுண்ணாம்பு இட்டால் சரியாகும் என்று படித்ததாகச் சொல்கிறார். இடலாமா?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

இடாதீர்கள். காட்மியமும் ஈயமும் துத்தநாகமும் உள்ள அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு நல்ல மருந்து. மண்ணின் அமிலம் குறையக் குறைய அவை மண்துகளில் இறுகிக்கொள்ளும். குரோமேட் எதிர்மின் அயனி. காரத்தன்மை கூடக் கூட அது மண்துகளிலிருந்து விடுபட்டு நீரோடு ஓடத் தொடங்கும். ஒரு நோய்க்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்த கதையாகிவிடும். ஏற்கெனவே களராக இருக்கும் மண்ணில் சுண்ணாம்புக்கு வேலையும் இல்லை.

உங்கள் வயலுக்கு நான் சொல்வது ஜிப்சம். ஜிப்சத்திலுள்ள கால்சியம், மண் பிடித்துவைத்திருக்கும் சோடியத்தை வெளியேற்றும். அது எல்லோருக்கும் தெரிந்த பயன். மாணவி சொன்னதைக் கவனித்தீர்களா? குரோமேட் நுழைவது சல்ஃபேட்டின் வாசல் வழியாக. ஜிப்சத்தின் மறுபாதி சல்ஃபேட்தான். வாசலில் சல்ஃபேட் கூட்டம் நெரிந்தால் குரோமேட்டுக்கு இடம் குறையும். மண்ணாய்வு சொல்லும் ஜிப்சத் தேவையில் பாதியை இட்டு, நல்ல தண்ணீர் தேக்கி, வடிகாலில் வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் இந்த உழைப்பு முழுவதும் வீண்; வெளியேறிய சோடியம் மறுபடியும் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். கிணற்று நீர் உப்பாக இருப்பதால் இதை மழைக்காலத்தில், மழைநீரைத் தேக்கித்தான் செய்ய முடியும்.

அதன்பின் தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். களரைத் தாங்கி வளரும் பசுந்தாள் அது. அது அழுகும்போது ஆறிணைதிறக் குரோமியத்தை மூன்றிணைதிறமாக ஒடுக்கும் வேலையும் நடக்கும். தொழு உரமும் அதையே செய்யும். நான் பணியில் இருந்த காலத்தில் உழவர்கள் "சாணி போட்ட இடத்தில் பயிர் நிற்கிறது" என்று மட்டும் சொல்வார்கள். காரணம் அப்போது எங்களுக்கே முழுமையாகத் தெரியாது. அவர்கள் பார்த்தது சரிதான்.

மண்ணாய்வுக்கூடப் பணியாளர்

ஆய்வுக்கூடத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். ஆறிணைதிறக் குரோமியத்துக்கு மண் எடுத்தால் அதை உலர்த்திப் பொடித்து மாதக்கணக்கில் வைத்திருந்து அனுப்பாதீர்கள். உலரும்போதும் வைத்திருக்கும்போதும் அதன் நிலை மாறக்கூடும். ஈரத்தோடு, குளிர்ச்சியாக, விரைவாகக் கொண்டுவந்து கொடுங்கள். மேல்மண்ணை மட்டும் எடுக்காமல் வேர் இறங்கும் ஆழத்திலும் எடுங்கள். மணியைச் சோதிக்க விரும்பினால் உமி நீக்கிய அரிசியைத் தனியாகவும் வைக்கோலைத் தனியாகவும் கொடுக்க வேண்டும். கதிரை அப்படியே கொடுத்தால் வயல் தூசியும் சேர்ந்து எண் ஏறிவிடும்.

கிணற்றடி வயல்

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். வேளாண் துறையில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைச் சற்றுக் காயவிட்டு மறுபடியும் பாய்ச்சி, நீர் கட்டச் சொல்கிறார்கள். என் கிணற்றிலும் தண்ணீர் குறைவு. அந்த வயலில் அப்படிச் செய்யலாமா, நீரைத் தேக்கியே வைக்கலாமா?

தாவர உடலியல் மாணவி

இந்தக் கேள்விக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு விடை கிடையாது என்பதுதான் இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி.

வங்கத்து நெல்வயல்களில் பிரச்சினை ஆர்சனிக். நீர் தேங்கி மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்தவுடன், இரும்பு ஆக்சைடுகளில் ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபட்டு, ஆர்சனைட்டாக மாறி, நெல் சிலிக்கானை உறிஞ்சும் கடத்தி வழியாகவே உள்ளே போகிறது. சிலிக்கானுக்குப் பேராசை உள்ள பயிர் நெல். அதன் பசியே அதற்குப் பகையாகிறது. அங்கே காய்ச்சலும் பாய்ச்சலும் நல்லது. சிலிக்கான் தரும் உமிச்சாம்பலும் அங்கே பயன்படும்.

ஜப்பானின் தொயாமா மாவட்டத்தில் பிரச்சினை காட்மியம். கமியோக்கா சுரங்கத்திலிருந்து ஜின்சு ஆற்றின் வழியே வந்த காட்மியம் வயல்களில் படிந்தது. அந்த அரிசியையும் நீரையும் உட்கொண்டவர்களுக்கு எலும்பு நொறுங்கி, வலி தாளாமல் அலறும் "இத்தாய் இத்தாய்" நோய் வந்தது; 1968-இல் அந்த நாட்டு அரசு அதை மாசினால் விளைந்த நோய் என ஏற்றுக்கொண்டது. நீர் தேங்கினால் காட்மியம் சல்ஃபைடாக இறுகிக் கிடக்கும். வயல் காய்ந்தால் கரைந்து வேருக்குக் கிடைக்கும். ஆகவே அங்கே கதிர் வரும் பருவத்துக்கு முன்னும் பின்னும் வயலைக் காயவிடாமல் நீர் தேக்குகிறார்கள். வங்கத்துக்கு மருந்தானது தொயாமாவுக்கு நஞ்சு.

உங்கள் வயலில் இருப்பது குரோமியம். நீர் தேங்கிய மண்ணில் உருவாகும் இரும்பு அயனி, ஆறிணைதிறத்தை மூன்றிணைதிறமாக வேகமாக ஒடுக்கும். ஆகவே தேக்கமே நல்லது. காயும்போது மாங்கனீசு ஆக்சைடுகள் அதில் ஒரு சிறு பகுதியை மறுபடியும் ஆறிணைதிறமாக்கக்கூடும். நட்டதிலிருந்து தூர் கட்டும் வரை, வேர் இளசாக இருக்கும் காலத்திலாவது அந்த ஒரு வயலைக் காயவிடாதீர்கள் என்பதே என் கருத்து. ஆர்சனிக்கும் காட்மியமும் அங்கே இல்லை என்பதை ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். இருந்தால் நான் சொன்னது மாறும்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

ஒரு திருத்தம். உப்பு நீரைத் தேக்கியே வைத்தால் ஆவியாக ஆவியாக உப்பு செறியும். மாணவி குரோமியத்தை மட்டும் பார்க்கிறார். உங்கள் கிணற்று நீரை வைத்துக்கொண்டு அந்த வயலில் கோடைப் போகத்தில் நெல் நடவே கூடாது. சம்பா பருவத்தில், மழைநீரோடு மட்டும் நடுங்கள். இரகம் உப்பைத் தாங்குவதாக இருக்கட்டும். கோ 43, திருச்சி 3 போன்றவற்றைப் பாருங்கள்.

தாவர உடலியல் மாணவி

ஏற்கிறேன் ஐயா. உப்பின் பக்கத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இரு பிள்ளைகளின் தாய்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். உழவர் அல்லாத எனக்குப் புரிந்தவரை, இங்கே பயிரைக் காப்பாற்றுவது ஒன்று, அதை உண்பவரைக் காப்பாற்றுவது வேறொன்று. இப்படிப்பட்ட நிலத்தில் கீரையும் முள்ளங்கியும் போட்டுச் சந்தைக்கு அனுப்புகிறார்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே? மரபணு மாற்றிய நெல்தான் இதற்கு ஒரே தீர்வு என்று எங்கோ படித்தேன். அது உண்மையா?

தாவர உடலியல் மாணவி

கீரையைப் பற்றி நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி, அம்மா. உலோகம் வேரில் மிகுதியாகவும், இலையில் அதைவிடக் குறைவாகவும், விதையில் மிகக் குறைவாகவும் சேர்வது பெரும்பாலான பயிர்களின் இயல்பு. நாம் கீரையில் இலையையும் முள்ளங்கியில் வேரையும் சாப்பிடுகிறோம். அதிலும் பாலக்கீரை காட்மியத்தை எளிதில் ஏற்றிக்கொள்ளும். மாசுபட்ட நிலத்தில் இந்த இரண்டையும் விளைவிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. விளைவிப்பவர் வறுமையால் செய்தாலும், உண்ணும் குழந்தைக்கு அது தெரியாது.

நெல்லைப் பற்றி: ஜப்பானில் வேறொரு மரபணுவைத் துணைக்குச் சேர்க்காமலேயே ஒரு தீர்வைக் கண்டார்கள். கோஷிஹிகாரி நெல்விதைகளில் கார்பன் அயனிக் கற்றையைப் பாய்ச்சி, பிறந்த ஆயிரக்கணக்கான செடிகளிலிருந்து காட்மியம் ஏறாதவற்றைப் பொறுக்கியெடுத்து 2012-இல் அறிவித்தார்கள். மாங்கனீசை உள்ளிழுக்கும் என்ராம்ப்-5 என்ற கடத்தி அவற்றில் பழுதாகியிருந்தது. காட்மியமும் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அந்தப் பண்பை ஏற்றிய "அக்கித்தா கொமாச்சி ஆர்" என்ற இரகத்துக்கு அக்கித்தா மாவட்டம் 2025-இல் மாறியது. விலை இல்லாமலும் இல்லை: மாங்கனீசும் குறைவாகவே ஏறுவதால், மாங்கனீசு குறைந்த மண்ணில் அந்தச் செடிகளைப் பழுப்புப்புள்ளி நோய் எளிதில் தாக்குகிறது. ஆனால் இது காட்மியத்துக்கான கதவு மட்டுமே. நம் நண்பரின் குரோமியத்துக்கு அந்த இரகம் எதுவும் செய்யாது. எல்லா உலோகத்தையும் தடுக்கும் ஒரே இரகம் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

செண்டுமல்லி

அப்படியானால் கடைக்காரர் விற்ற அந்தத் திரவம் என்னதான் செய்தது?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

புட்டியில் என்ன இருந்தது என்று தெரியாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. இத்தகைய கரைசல்களில் பொதுவாக ஹ்யூமிக் அமிலமோ கடற்பாசிச் சாறோ நுண்ணூட்டமோ இருக்கும். துத்தநாகமும் இரும்பும் குறைந்த களர் மண்ணில் நுண்ணூட்டம் தெளித்தால் எந்தப் பயிரும் பச்சை கட்டும். அது பசிக்குச் சோறு போட்டது, நஞ்சை எடுக்கவில்லை. அதே காசுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்ஃபேட்டை நடவின்போது இட்டிருக்கலாம். நாற்றங்காலில் வேர் உட்பூசணம் (வேரோடு கூட்டாக வாழ்ந்து அதற்கு உதவும் நன்மைப் பூசணம்) கலந்திருந்தால் நாற்றின் வேராவது திடமாக இறங்கியிருக்கும். ஆனால் நீர் தேங்கிய வயலில் அந்தப் பூசணத்திடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள், மேட்டு நிலத்து நிலக்கடலைக்குத்தான் அது நன்றாக உதவும்.

கிணற்றடி வயல்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் கலந்து பேசி முடிவெடுத்துவிட்டோம். மேட்டு வயல் இரண்டில் சம்பாவுக்குக் கோ 43 நடுகிறோம். வீட்டுக்கு அந்த நெல்தான். வாய்க்காலை ஒட்டிய வயலில் வடிகாலைத் தோண்டும் வேலை முடிந்துவிட்டது. மழை பிடித்ததும் ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை விதைக்கிறேன். இந்த ஆண்டு அங்கே நெல் கிடையாது. தண்ணீர் தேங்காத மேல்கோடியில் நான்கு பாத்தி செண்டுமல்லி நடப்போகிறேன்; நாற்று எங்கே கிடைக்கும் என்று செண்டுமல்லி நண்பர் சொன்னால் உதவியாக இருக்கும். கொல்லையில் அம்மா போட்டிருந்த பாலக்கீரைப் பாத்தியை நேற்று அழித்துவிட்டோம். அந்தப் பாத்திக்கும் இதே கிணற்று நீர்தான் பாய்ந்தது. அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனாலும் அவரே முன்வந்து பிடுங்கினார்.

அடுத்த தை அறுவடையில் மேட்டு வயலின் அரிசியையும் வைக்கோலையும் தனித்தனியாக ஆய்வுக்குக் கொடுத்து, வரும் எண்களை இங்கேயே எழுதுகிறேன்.